நெல்லறையில் நம்பிக்கை இசை

குடும்ப விபரப் படிவம் நிரப்ப வந்த கிராம அலுவலர், 'தொழில்' என்ற கட்டத்தில் பேனையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். நான் மாமாவைப் பார்த்தேன். மாமா முற்றத்தில் நின்ற கோழியைப் பார்த்தார்.

"மருமோன் ரீவிக்குப் பாட்டுப் போடுறவர்," என்றார், அயல்வீட்டுக்காரனைப் பற்றிச் சொல்வதுபோல.

"எந்த ரீவிக்கு?"

"அது அவருக்கே தெரியாது."

கிராம அலுவலர் கொஞ்சம் யோசித்துவிட்டுச் 'சுயதொழில்' என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். எங்கள் ஊரில் கோழி வளர்ப்பவரும் தையல் மெஷின் வைத்திருப்பவரும் அந்தச் சொல்லுக்குள்தான் இருக்கிறார்கள். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் மாமா சொன்னதில் ஒரு சொல்லும் பொய்யில்லை என்பதால் அந்தக் கோபத்தை எங்கே இறக்கிவைப்பதென்று தெரியவில்லை.

வெளிநாடுகளில் இசை நூலகம் என்று சில நிறுவனங்கள் இருக்கின்றன. தொலைக்காட்சி நிகழ்ச்சி செய்கிறவர்களுக்கு ஒவ்வொரு முறையும் ஓர் இசையமைப்பாளரைப் பிடித்து வேலை வாங்க நேரமில்லை. ஆகவே முன்கூட்டியே செய்து அடுக்கிவைத்திருக்கும் இசையில் வேண்டியதை எடுத்து, அனுமதிக்குக் காசு கட்டிப் போட்டுக்கொள்வார்கள். அடுக்குகளுக்குப் பெயர் உண்டு. நம்பிக்கை, மெல்லிய சோகம், சந்தோசமான சமையல், ஏதோ நடக்கப் போகிறது. அவற்றை நிரப்புகிறவர்களில் நானும் ஒருவன். என் வயலின் எந்த நாட்டில் எந்த நிகழ்ச்சியில் கேட்டதென்று சில மாதம் கழித்து ஒரு பட்டியல் வரும்போதுதான் எனக்கே தெரியும். ஒருமுறை என் மெல்லிய சோகம் ஒன்று, ஏதோ குளிர் நாட்டில் கூரை ஒழுக்கு அடைப்பது எப்படி என்ற நிகழ்ச்சியில் பதினொரு விநாடி போயிருந்தது. மனைவியிடம் சொன்னேன்.

"ஒழுக்கெண்டால் சோகம்தானே," என்றாள். பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிக்கிறவள். தேவையில்லாமல் ஒரு சொல் கூடச் செலவழிக்க மாட்டாள்.

நாங்கள் இருப்பது விசுவமடுவுக்கும் தர்மபுரத்துக்கும் இடையில், வாய்க்கால் கரையோடு. வீடு மனைவிக்குச் சீதனமாக வந்தது. எங்கள் வழக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்குக் குடிபோவான். ஆகவே சட்டப்படி வீடு அவளுடையது, நடைமுறையில் மாமாவுடையது, நான் அதில் வயலின் வைத்திருப்பவன். மாமா சின்ன வயதில் குடாநாட்டிலிருந்து தகப்பனோடு அரசாங்கம் தந்த குடியேற்றக் காணிக்கு வந்து, காடு வெட்டி வயலாக்கியவர். கமக்கார அமைப்பின் தலைவர். எந்த வாய்க்காலில் எப்போது தண்ணீர் திறப்பது, எந்தக் கிழமை விதைப்பது என்பதில் அவர் சொல்வதற்கு ஊரில் மறுபேச்சு இல்லை. அப்படிப்பட்டவரின் மருமகன் பகல் முழுக்க அறைக்குள் இருக்கிறான், வெளியே வரும்போதும் கையில் ஒன்றும் இல்லை என்றால் அவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று இப்போது யோசிக்கிறேன். அப்போது யோசிக்கவில்லை.

நூலக இசைக்கு ஒரு பெரிய விதி உண்டு. அது கவனத்தைப் பிடிக்கக்கூடாது. அதற்கு மேலே யாரோ கதைத்துக்கொண்டிருப்பார்கள். கேட்பவருக்கு இசை இருப்பதே தெரியக்கூடாது, ஆனால் எடுத்துவிட்டால் ஏதோ குறைவதுபோல் இருக்க வேண்டும். இதை மாமாவுக்கு ஒருநாள் விளங்கப்படுத்தி, ஒரு துண்டைப் போட்டும் காட்டினேன். தலையைச் சரித்துக்கொண்டு பொறுமையாக இருந்தார். இரண்டு நிமிடம் முடிந்தது.

"பாட்டு எப்ப துவங்கும்?" என்றார்.

"முடிஞ்சுது மாமா."

"ஆக்கள் கதைக்கேக்குள்ள இடைஞ்சல் இல்லாத பாட்டெண்டால், பேசாமல் பாட்டைப் போடாமலே விடலாமே தம்பி."

அதற்குப் பிறகு நான் அவருக்கு எதையும் போட்டுக் காட்டவில்லை.

உண்மையான தொல்லை மாமா இல்லை, அறை. நூலகத்தில் எனக்குப் பொறுப்பான ஆசிரியை ஒருவர் இருக்கிறார். முகம் பார்த்ததில்லை, மின்னஞ்சல்தான். வயலினை உண்மையாக வாசித்துப் பதிந்து அனுப்ப வேண்டும் என்பது அவருடைய கண்டிப்பு. அனுப்பினேன். 'வாசிப்பு நன்றாக இருக்கிறது, ஆனால் உங்கள் அறையும் சேர்ந்து வாசிக்கிறது' என்று பதில் வந்தது. சீமெந்துச் சுவர், சீமெந்து நிலம். கைதட்டினால் மூன்று பேர் தட்டுவதுபோல் கேட்கும். மெத்தையைச் சுவரில் சாய்த்தேன். அலுமாரியிலிருந்த சேலைகளைக் கயிற்றில் தொங்கவிட்டேன், கல்யாணத்துக் கூறைச்சேலை உட்பட. மனைவி பள்ளிக்கூடத்தால் வந்து பார்த்துவிட்டு, "இதில ஆணியடிச்சீங்களோ?" என்று மட்டும் கேட்டாள். அன்று மாலையே எல்லாம் திரும்ப அலுமாரிக்குள் போய்விட்டது.

அதோடு வெளிச்சத்தங்கள். மயில், உழவு இயந்திரம், பாட்டுப் போட்டபடி வீடுவீடாகப் பாண் விற்க வரும் ஓட்டோ. என் மெல்லிய சோகம் ஒன்றின் நடுவில் பாண் ஓட்டோவின் பாட்டு தெளிவாகக் கேட்கிறதென்று ஆசிரியை எழுதியிருந்தார். அது நல்ல மெட்டு, ஆனால் யாருடையது என்றும் கேட்டிருந்தார். இரவில் பதியலாமே என்று சிலர் புத்தி சொன்னார்கள். அவர்கள் எங்கள் வாய்க்கால் தவளைகளைக் கேட்டதில்லை. ஆகவே மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஊர் கண்ணயரும் ஒரு மணித்தியாலத்தில்தான் என் தொழில் நடந்தது. அதிலும் பாதி திரும்பி வந்தது.

அந்த வருடம் பெரிய போகமான காலபோக நெல் வெட்டி, றோட்டில் காயப்போட்டிருந்த நேரத்தில் எதிர்பாராத மழை இருட்டிக்கொண்டு வந்தது. நெல் வைக்கும் கொட்டிலின் கூரை முன்னமே ஓட்டை. மாமாவும் இரண்டு கூலியாட்களும் மூடைகளைத் தூக்கிக்கொண்டு நேரே என் அறைக்குள் வந்தார்கள். கேள்வி இல்லை, பேச்சில்லை. மேசை ஒரு மூலைக்குப் போனது. ஒரு மணித்தியாலத்தில் நான்கு சுவரும் கூரைக்கு ஒரு முழம் கீழே வரைக்கும் மூடைகளால் மறைந்துவிட்டன. நடுவில் ஒரு கதிரை வைக்கும் அளவு இடம் மிஞ்சியது. நான் கோபக்காரன்தான். ஆனால் சீதன வீட்டில் கோபக்காரனாக இருப்பதில் சில வசதிக் குறைவுகள் உண்டு. கதிரையில் இருந்து, வீம்புக்கு வயலினை எடுத்து ஓர் இழுப்பு இழுத்தேன்.

சத்தம் வில்லோடு நின்றது. சுவர் ஒன்றும் திருப்பிச் சொல்லவில்லை. கைதட்டிப் பார்த்தேன். ஒரே ஒருவன் தட்டினான். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது, உள்ளே அது யாரோ தூரத்தில் அரிசி புடைப்பதுபோல் கேட்டது. நெல்மணம் மூக்கில் ஏற, தும்மலை அடக்கிக்கொண்டு அன்றே ஒரு துண்டு பதிந்து அனுப்பினேன்.

மறுநாளே பதில். 'அறைக்கு என்ன செய்தீர்கள்? எவ்வளவு அழகாக இருக்கிறது! சுவருக்கு என்ன பொருள் பாவித்தீர்கள்?' நெல் என்று எழுத எனக்கு மானம் விடவில்லை. உள்ளூரில் விளையும் ஓர் இயற்கைப் பொருள் என்று எழுதினேன். என்ன தடிப்பு என்று கேட்டார். அடிமட்டத்தை வைத்து அளந்து, இரண்டடி என்றேன். 'இரண்டடியா! பெரிய முதலீடு செய்திருக்கிறீர்கள்' என்று வியந்து, அதே கடிதத்தில் எனக்கு வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு முழு வேலையையும் தந்தார். நம்பிக்கை அடுக்குக்குப் பத்துத் துண்டுகள், ஆறு கிழமைக்குள். பத்தும் ஒரே அறையில் ஒரே சத்தமாக இருக்க வேண்டும். நிகழ்ச்சி செய்கிறவர்கள் ஒன்றை வெட்டி மற்றதோடு ஒட்டுவார்களாம். பிடித்துப்போனால் என்னை நிரந்தர இசையமைப்பாளர் பட்டியலில் சேர்ப்பார்கள், வருடாவருடம் வேலை வரும்.

மூன்று கிழமையில் ஆறு துண்டுகள் முடித்தேன். காலையில் எழும்பும்போதே வாய் எதையாவது முணுமுணுக்கும். நம்பிக்கை என்றால் என்னவென்று யாராவது கேட்டிருந்தால் மூடைகளைக் காட்டியிருப்பேன்.

ஏழாவதைத் துவங்கிய அன்று, மாமா வாசலில் நின்று மூடைகளை விரலால் எண்ணினார்.

"வெள்ளிக்கிழமை லொறி வருகுது தம்பி. உம்மட மேசையை ஒருக்காத் தள்ளிவையும்."

இது என் வேலைக்கு வேண்டும் மாமா, மூன்று கிழமை பொறுங்கோ என்று சொல்லியிருக்கலாம். ஒழுங்கான மனிதன் அப்படித்தான் சொல்லியிருப்பான். ஆனால் அடுத்து வரும் சிறுபோகத்துக்கு உழவு, விதை, உரம் எல்லாம் அந்த நெல்லில்தான். இடைஞ்சல் இல்லாத பாட்டுக்காக நெல்லை வைத்திருங்கோ என்று எந்த வாயால் கேட்பது? வேறொன்று வாயில் வந்தது.

"விலை ஏறப் போகுதாம் மாமா."

"ஆர் சொன்னது?"

"இன்ரநெற்றில போட்டிருக்கு."

கல்யாணம் முடித்த நாள் தொட்டு நான் சொன்ன ஒன்றையும் மாமா கேட்டதில்லை. 'உமக்கென்ன தெரியும்' என்பார், ஆனாலும் உள்ளுக்குள் யோசித்து லொறியை ஒரு கிழமை பிந்தவிடுவார் என்பதுதான் என் கணக்கு. அவர் என்னை நம்பிவிடுவார் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. மாமா கதிரையை இழுத்துப்போட்டு இருந்தார். சால்வையை மடியில் வைத்தார்.

"எவ்வளவு நாளில ஏறுமாம்?"

"மூண்டு கிழமை," என்றேன். எனக்கு வேண்டிய நாளைக் கணக்காகச் சொன்னேன்.

"நல்லது தம்பி. உதைத்தான் நான் உம்மட்ட எதிர்பாத்தனான்," என்றுவிட்டு எழும்பிப் போனார். குரலில் சந்தோசம் இருந்தது. எனக்கு அப்போதே விளங்கியிருக்க வேண்டும், இது நல்லதுக்கில்லை என்று.

அடுத்த ஞாயிறு கமக்கார அமைப்புக் கூட்டத்தில் மாமா எழும்பி, மருமகன் இன்ரநெற்றில் பார்த்தவர், மூன்று கிழமை ஒருத்தரும் விற்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார். செய்தியை வீட்டுக்குக் கொண்டுவந்தது மனைவி. அவளுக்குப் பள்ளிக்கூட வாசலில் கிடைத்த செய்தி.

"எங்க போட்டிருக்கு? எனக்கும் ஒருக்காக் காட்டுங்கோ."

நான் போனைத் தட்டினேன். தட்டிக்கொண்டே இருந்தேன். அவள் கணக்குப் பிழைத்த பிள்ளையைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

"பொய்யோ?"

"ஓம்."

"பாட்டுக்கோ?"

"ஓம்."

"அப்பாவிட்ட நீங்களே சொல்லுங்கோ. நான் சொல்ல மாட்டன், ஆனால் நீங்கள் சொல்லத்தான் வேணும்." அவ்வளவுதான். குசினிக்குள் போய்விட்டாள். அன்றிரவு கறியில் உப்புக் கூட. அது வேண்டுமென்று போட்டதா என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.

நாளைக்குச் சொல்வோம் என்று நான் ஒவ்வொரு நாளும் தள்ளிப்போட்டேன். நெல் விலையோ எதையும் தள்ளிப்போடவில்லை. மற்ற மாவட்டங்களின் அறுவடையும் சந்தைக்கு வந்து சேர, வியாபாரி போனில் சொன்ன விலை முதல் சொன்னதைவிடக் குறைவு. அடுத்த முறை அதைவிடக் குறைவு. மாமா காலையில் வந்து ஒரு மூடையின் வாயை அவிழ்த்து, ஒரு நெல்லைப் பல்லில் கடித்துப் பார்த்துவிட்டுத் திரும்பக் கட்டுவார். "இன்னும் நாள் இருக்குத்தானே தம்பி," என்பார். நான் வயலினுக்கு முறுக்காணி திருப்புவதுபோல் பாசாங்கு செய்வேன்.

ஒருநாள் மழைக்கு நெல் மூட இரவல் வாங்கிய படங்கைத் திருப்பிக் கொடுக்கப் பக்கத்து வயல்காரர் வீட்டுக்குப் போனேன். அவருடைய குடும்பம் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து இங்கே ஊன்றியது. பேச்சில் இன்னும் அந்த மண் இருக்கும். அவர் வீட்டில் இருப்பது ஓர் அறையும் ஒரு விறாந்தையும். இரண்டிலும் மூடை. சாமிப் படத்துக்கு விளக்கு வைக்க மூடைக்கு மேல் ஏறினார்கள். அவருடைய மகள் கூரையில் தலை முட்டாமல் குனிந்து, மூடை உச்சியில் இருந்து வீட்டுப்பாடம் செய்துகொண்டிருந்தாள். எலி ஒன்று ஆறுதலாக நடந்துபோனது.

"கஸ்டமா இருக்கே அண்ணை," என்றேன்.

"கொஞ்ச நாள்தானே தம்பி. நீங்க இன்டர்நெட்ல பாத்து சொல்லியிருக்கீங்க. படிச்ச புள்ள சொன்னா சும்மாவா இருக்கும்?" என்று சொல்லி, எனக்குப் பிளேன்ரீ தந்தார். கதிரைக்கு இடமில்லாததால் அதையும் ஒரு மூடையில் இருந்தே குடித்தேன்.

அந்த மனத்தோடுதான் மிச்ச நான்கு நம்பிக்கையையும் வாசித்து முடித்தேன். தாளம் சரி, சுருதி சரி, ஒவ்வொன்றும் இரண்டு நிமிடம். அனுப்பினேன். ஆசிரியையின் பதிலை இன்றைக்கும் வைத்திருக்கிறேன். 'முதல் ஆறும் அருமை. கடைசி நான்கும் அதே அறை, அதே வயலின், ஆனால் வாசிப்பவர் ஏதோ ஒன்றை உடைத்து ஒளித்துவைத்துவிட்டு வாசிப்பதுபோல் இருக்கிறது. இவற்றை நம்பிக்கையில் வைக்க முடியாது. ஏதோ நடக்கப் போகிறது என்ற அடுக்கில் வைக்கலாமா? சொல்லப்போனால் நீங்கள் செய்ததிலேயே சிறந்தவை இவைதான்.' பட்டியலில் சேர்த்துக்கொண்டதாகவும் எழுதியிருந்தார்.

எத்தனையோ வருடம் காத்திருந்த கடிதம். வாசித்து முடிய எனக்கு வந்தது வெட்கம் மட்டும்தான். கண் காணாத தேசத்தில் இருக்கும் ஒரு மனுசிக்குக் கேட்டுவிட்டது. பக்கத்து அறையில் இருக்கும் மாமாவுக்கு மட்டும் நான் இன்னும் சொல்லவில்லை.

மூன்று கிழமை முடிந்த ஞாயிறு பின்னேரம் கூட்டம். மாமா வெள்ளை வேட்டி கட்டி, சால்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு புறப்பட்டார். மனைவி தோய்த்து மடித்த என் சேட்டை எடுத்துக் கையில் தந்தாள். நானும் மாமாவின் மோட்டார்சைக்கிளில் பின்னால் ஏறினேன்.

மண்டபத்தில் நாற்பது பேர் வரை இருந்தார்கள். வழக்கமாக மாமா உள்ளே வந்தால் கதை அடங்கும். அன்று அடங்கவில்லை. 'தலைவர்ர சொல்லை நம்பித்தானே' என்று யாரோ பின்வரிசையில் சத்தமாகவே சொன்னார். இருபது வருடத்துக்கு மேல் அந்த மண்டபத்தில் அவருடைய சொல்லுக்கு அப்படி ஒரு பதில் வந்திருக்காது. மாமா மைக்குக்கு முன்னால் நின்றார். அதை ஒருமுறை தட்டிப் பார்த்தார்.

"பிழை என்னிலதான்," என்றார். "மருமோன் சரியாத்தான் சொன்னவர். நான்தான் அதை மாறி விளங்கிக்கொண்டு வந்து உங்களுக்குச் சொல்லிப்போட்டன். வயசு போட்டுது. உங்களுக்கு விருப்பமெண்டால் வேற தலைவரைப் போடுங்கோ."

நான் பொய் சொன்னது அவருக்குத் தெரியாது. ஆனாலும் ஊர் என்னைக் குறை சொல்லக்கூடாதென்று, தன் வாழ்நாளில் சேர்த்த பெயரைத் தூக்கி எனக்கு முன்னால் மறைப்பாக வைத்தார். எழும்பினேனா, யாராவது எழுப்பினார்களா தெரியாது, மாமாவுக்குப் பக்கத்தில் நின்றேன்.

"மாமா பொய் சொல்லுறார். இல்லை, நான் சொன்னது பொய். இன்ரநெற்றில ஒண்டும் போடேல்லை," என்றேன். மைக்கில் என் குரல் கீச்சிட்டது. பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். அறை எதிரொலித்தது, மூடை வந்தது, பத்துத் துண்டு, லொறி, எல்லாம். கேட்கக் கேட்க அவர்களுடைய முகங்கள் கோபத்திலிருந்து வேறெங்கோ போயின. நெல்லை வைத்து ஏமாற்றுகிறவர்களை அவர்கள் கண்டிருக்கிறார்கள். ஈரநெல், கல் கலந்த நெல், பிழையான தராசு, எல்லாம் தெரியும். சுவருக்கு மறைப்பாக வைக்க ஊர் நெல்லையே நிறுத்தி வைத்தவனை யாரும் கண்டதில்லை.

"எங்கட மூடையள் எங்கட வீட்டிலயெல்லோ கிடந்தது," என்றார் ஒருவர். "அது உம்மட பாட்டுக்கு என்ன செய்தது?"

"ஒண்டும் செய்யேல்லை ஐயா."

"சும்மாவோ கிடந்தது?"

"ஓம்."

அங்கங்கே சிரிப்பா செருமலா என்று தெரியாத சத்தங்கள். மாமா சிரிக்கவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை. சால்வையின் ஓரத்தைத் திருகிக்கொண்டு நின்றார். அப்போதுதான் பக்கத்து வயல்காரர் எழும்பினார். அடித்தாலும் வாங்கிக்கொள்வோம் என்று நின்றேன்.

"சரி, அந்தப் பாட்டப் போடுங்க தம்பி. எங்க நெல்ல நிறுத்தி வெச்சு எடுத்த பாட்டுதானே. என்னதான்னு கேப்போம்."

என் ஒப்பந்தப்படி அந்த இசையை அனுமதியின்றிப் பொது இடத்தில் போடக்கூடாது. அதை விளங்கப்படுத்த அது நேரமில்லை. மைக்கைக் கையில் எடுத்து, போனை அதற்குக் கிட்டப் பிடித்து, ஒன்பதாவதைப் போட்டேன். மண்டபத்துப் பெட்டிகளில் என் வயலின் மெல்லக் கிளம்பியது. உடனே எல்லோரும் கதைக்கத் துவங்கினார்கள். விலையைப் பற்றி, லொறியைப் பற்றி, என்னைப் பற்றி. இசையும் அவர்களுடைய கதைக்குக் கீழே இடைஞ்சல் இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. தொழில்ரீதியாகச் சொன்னால் அது மிகச் சரியாக வேலை செய்தது. நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

படாரென்று மேசையில் ஒரு அடி.

"கதையாதேங்கோ!" மாமாவின் குரல், வாய்க்கால் கரையிலிருந்து மறுகரைக்குக் கூப்பிடும் குரல். "மருமோன் வாசிக்கிறார். வாயை மூடிக்கொண்டு கேளுங்கோ!"

மண்டபம் அடங்கியது. அந்த வகை இசை செய்கிறவனுக்கு வாழ்க்கையில் கிடைக்காத ஒன்று அது. நாற்பது பேர், ஒரு சத்தம் இல்லை, மின்விசிறிகூட என் வயலினுக்கு வழிவிட்டதுபோல். மாமா கண்ணை மூடிக்கொண்டு, தலையைச் சரித்து, முடிவு வரைக்கும் கேட்டார். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. துடைக்கக் கை இல்லை, ஒரு கையில் போன், மறுகையில் மைக்.

முடிந்ததும் பக்கத்து வயல்காரர்தான் முதலில் வாய்திறந்தார். "இது மூணு கெழமையா என் வயித்துக்குள்ள கேட்ட சத்தமில்ல?" என்றார். மண்டபம் வெடித்துச் சிரித்தது. அதற்குப் பிறகு என்னை அடிக்கும் யோசனை யாருக்கும் இருந்திருந்தாலும் அது கலைந்துவிட்டது. தலைவரை மாற்றும் கதையும் அதோடு போனது. தண்டனையாக, ஒவ்வொரு ஞாயிறும் வெளிச்சந்தை விலைகளை உண்மையாகவே தேடிக் கூட்டத்தில் வாசிக்க வேண்டும் என்று எனக்கு விதித்தார்கள். இன்றைக்கும் வாசிக்கிறேன். விலை விழுந்த கிழமைகளில் 'முதல்ல அந்தப் பாட்டைப் போடும்' என்று பின்வரிசையிலிருந்து யாராவது கத்துவார்கள்.

ஆனால் மாமா வீட்டில் என்னோடு கதைக்கவில்லை. ஒன்பது நாள். சோற்றுக் கோப்பையை நான் நீட்டினால் வாங்குவார், நன்றி என்றும் இல்லை, வேண்டாம் என்றும் இல்லை. மனைவி இருவருக்கும் நடுவில் ஒரு சொல்லும் கடத்த மறுத்துவிட்டாள். நான் அறைக்குள் போய் மூடைகளுக்கு நடுவில் சும்மா இருப்பேன். வாசிக்க மனம் வரவில்லை.

பத்தாம் நாள் லொறி வந்தது. விலை கொஞ்சம் மீண்டிருந்தது, முதல் விலைக்கு வரவில்லை. கூலியாட்கள் ஒவ்வொரு மூடையாக எடுக்க, சுவர் கீழிறங்கி வந்தது. ஆட்கள் கதைக்கும் சத்தம் திரும்ப இரண்டாக, மூன்றாகக் கேட்கத் துவங்கியது. பட்டியலில் பெயர் இருக்கிறது, அறை போகிறது என்று நினைத்துக்கொண்டு மேசையோரம் நின்றேன். என் கதிரையைச் சுற்றியிருந்த கடைசி வரிசைக்குக் கூலியாள் கை வைத்தபோது வாசலில் நின்ற மாமா தடுத்தார்.

"அதை விடும்."

வியாபாரி எட்டிப் பார்த்தார். "ஏன் ஐயா, விதைநெல்லோ?"

"இல்லை. அது விக்கிறதுக்கில்லை. மருமோன்ர வேலைச் சாமான்."

வேலை என்றார். கிராம அலுவலருக்கு முன்னால் கோழியைப் பார்த்த மனிதன், வெளியூர் வியாபாரிக்கு முன்னால் தலையை நிமிர்த்திக்கொண்டு சொன்னார். வியாபாரி விடவில்லை.

"நாளைக்கு விலை ஏறினாலும் குடுக்க மாட்டீங்களோ?"

மாமா மெல்லத் திரும்பினார். ஒன்பது நாளுக்குப் பிறகு முதல் முறையாக என் முகத்தைப் பார்த்தார். மீசைக்குக் கீழே ஏதோ அசைந்தது.

"ஏறுமோ தம்பி?" என்றார். "இன்ரநெற்றில என்ன போட்டிருக்கு?"